வாலில் இல்லை எங்கள் ஊர்

ரோபோக்களின் பார்வை பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடு எதைத் திறந்தாலும் முதல் அத்தியாயத்தில் ஒரு புலம்பல் இருக்கும். ஆய்வகத்துக்குள் எல்லாம் சரியாக நடக்கிறது, வெளியே வந்தால் உலகம் கணிக்க முடியாததாக இருக்கிறது, அதனால் ரோபோ தடுமாறுகிறது என்கிற புலம்பல். அந்த வெளியுலகத்துக்கு இந்தத் துறை வைத்திருக்கும் பெயர் ‘ஒழுங்கமையாச் சூழல்’. ஆய்வேடு இந்தியாவில் எழுதப்பட்டது என்றால் பெரும்பாலும் அடுத்த பக்கத்தில் ஒரு புகைப்படம் வந்துவிடும். நடுரோட்டில் ஒரு மாடு. சுற்றிலும் ஆட்டோ, பைக், பஸ். ‘பாத்துக்குங்க, இதுதான் எங்க நிலைமை’ என்று வெளிநாட்டு மாமனாரிடம் வீட்டைக் காட்டி மன்னிப்புக் கேட்கும் தொனி.

அந்த மாட்டின் சார்பாக எனக்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

நான் சென்னையில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். கேமரா படத்திலிருந்து பொருள்களைப் பிரித்தெடுக்கும் நிரல்களோடு சில வருடம் மாரடித்திருக்கிறேன். சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம் இலுப்பூர். ஒரு பக்கம் அன்னவாசல், இன்னொரு பக்கம் விராலிமலை. மாடும் ஆடும் மயிலும் மினி பஸ்ஸும் ஒரே ரோட்டில் போகிற ஊர். அந்த ரோட்டில் எட்டு வயதுப் பையன் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்த் திரும்புகிறான். எட்டு வயதுப் பையனால் கணிக்க முடிகிற தெருவை, லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்த எந்திரத்தால் கணிக்க முடியவில்லை என்றால் குறை எங்கே இருக்கிறது? தெருவில் இருக்கிறது என்கிறது ஆய்வேடு. நான் மறுக்கிறேன். அந்தத் தெருவைப் படிக்க எந்திரத்துக்கு நாம் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். சொல்லித்தராததை மறைக்கத்தான் ‘கணிக்க முடியாத சூழல்’ என்ற சொல் பயன்படுகிறது. அப்படி மறைப்பவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள் என்பதுதான் என் கோபம்.

கிட்டி, கோகோ, கேரவன்

கேமரா வெறும் கண்ணாடி. அது எண்களைத்தான் கொடுக்கும். எது மாடு, எது மரம் என்று மனிதர்கள்தான் சொல்லித்தர வேண்டும். ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் பொருள்களைச் சுற்றிக் கோடு போட்டு, இது கார், இது ஆள், இது நடைபாதை என்று பெயர் எழுதுகிறார்கள். அப்படிப் பெயரிட்ட படங்களின் குவியலுக்குத் தரவுத்தொகுப்பு என்று பெயர். அதில் பயின்ற நிரலுக்கு, பெயர்ப்பட்டியலில் உள்ளதுதான் உலகம். பட்டியலில் இல்லாத ஒன்று எதிரே வந்தால், ஒன்று கண்ணுக்கே தெரியாது. இல்லையென்றால் பட்டியலில் இருக்கும் வேறு ஏதோ ஒன்றாகத் தெரியும்.

அப்படியானால் பட்டியலை யார் எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும்.

தானியங்கி வண்டி ஆராய்ச்சியில் எல்லோரும் கைவைத்த தொகுப்பு ‘கிட்டி’. நம் கிட்டிப்புள் கிட்டி இல்லை. 2012இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ தொழில்நுட்பக் கழகமும் சிகாகோவில் உள்ள டொயோட்டா தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து வெளியிட்டது. கார்ல்ஸ்ரூஹ நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் வண்டி ஓட்டி எடுத்த படங்கள். கார், வேன், லாரி, நடந்து போகும் ஆள், உட்கார்ந்திருக்கும் ஆள், சைக்கிள்காரர், டிராம், பிறகு ‘மற்றவை’. மொத்தப் பட்டியல் இவ்வளவுதான். அடுத்து 2016இல் வந்த ‘சிட்டிஸ்கேப்ஸ்’. 50 நகரங்கள், பெரும்பாலும் ஜெர்மனி. 30 வகைகள். அதில் விலங்கு என்று தனி வகை கிடையாது. ‘நகரக்கூடியவை’ என்று ஒரு மூட்டை இருக்கிறது. நகர்த்தக்கூடிய குப்பைத்தொட்டி, குழந்தை வண்டி, பை, சக்கர நாற்காலி, விலங்கு எல்லாம் அந்த ஒரே மூட்டைக்குள் கிடக்கின்றன. நிரலுக்கு மதிப்பெண் போடும்போது 19 வகைகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். இந்த மூட்டை அந்த 19இல் இல்லை. அதாவது மாட்டைச் சரியாகப் பார்த்தாலும் மார்க் இல்லை, பார்க்காமல் விட்டாலும் மார்க் குறையாது. சக்கர நாற்காலிக்கும் இதே கதிதான் என்பதைக் கவனியுங்கள். இது வெறும் இந்தியா, ஜெர்மனி விவகாரம் இல்லை.

சாலையைத் தாண்டி, பொதுவாக எல்லாப் பொருள்களையும் அடையாளம் காணப் பயன்படும் தொகுப்பு மைக்ரோசாஃப்ட் முன்னின்று 2014இல் வெளியிட்ட ‘கோகோ’. பயிற்சிக்குப் பயன்படும் வகைகள் 80. பனிச்சறுக்குக் கட்டை இருக்கிறது, பனிச்சறுக்குப் பலகையும் தனியாக இருக்கிறது. ஃப்ரிஸ்பி இருக்கிறது. வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி இருக்கின்றன. வெள்ளாடு இல்லை. ஆட்டோ இல்லை. இலுப்பூர்க் கடைவீதியில் போனில் எடுத்த வீடியோவை அதில் பயின்ற ஒரு நிரலுக்குக் காட்டிப் பார்த்தேன். வெள்ளாடு ஒரு நொடி செம்மறியாடு, மறுநொடி நாய், திரும்பினால் குதிரை. ஆட்டோ கொஞ்ச நேரம் கார், கொஞ்ச நேரம் லாரி. டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் ஆள் உயரத்துக்குப் பிளாஸ்டிக் குடம் கட்டிக்கொண்டு போன வியாபாரி பல பிரேம்களில் காணாமலே போனார். வண்டி தெரிந்தது, ஆள் இல்லை.

கார்ல்ஸ்ரூஹக்காரர்கள்மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அவர்கள் தங்கள் ஊரைப் படம் பிடித்தார்கள், இது எங்கள் ஊர் என்று எழுதியும் வைத்தார்கள். அந்த நகரத்தில் சுமார் 3 லட்சம் பேர் வசிக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்கெடுப்பின்படி 16 லட்சம் பேர். ஆனாலும் கார்ல்ஸ்ரூஹ என்பது ‘உலகம்’ ஆனது, புதுக்கோட்டை ‘கணிக்க முடியாத சூழல்’ ஆனது. இந்தப் பெயர்மாற்றத்தை ஜெர்மானியர்கள் செய்யவில்லை. ஆய்வுக்கட்டுரைகளில் அதைத் திரும்பத் திரும்ப எழுதி நிலைநிறுத்தியதில் நமக்கும் பங்கு உண்டு.

நியாயமாகச் சொன்னால், விதிவிலக்கு உண்டு. ஐஐஐடி ஹைதராபாத்தும் இன்டெலும் சேர்ந்து 2018இல் இந்தியச் சாலைகளுக்கென்றே ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். ஹைதராபாத், பெங்களூரு, அவற்றின் புறநகர்கள். 182 பயணங்கள், 10,004 படங்கள், 34 வகைகள். ஆட்டோவுக்குத் தனி வகை. விலங்குக்குத் தனி வகை. எனக்கு அதில் மிகவும் பிடித்தது, தார் ரோட்டுக்கும் பொட்டலுக்கும் நடுவே உள்ள அந்த மண் ஓரத்துக்கு அவர்கள் கொடுத்த இடம். ‘ரோடு இல்லை, ஆனால் தேவைப்பட்டால் ஓட்டலாம்’ என்று பொருள்படும் ஒரு வகையை உண்டாக்கினார்கள். எதிரே பஸ் வந்தால் வண்டியை மண்ணில் இறக்கி ஏற்றத் தெரிந்த ஆள்தான் அப்படி ஒரு வகையை யோசிக்க முடியும். உலகத்தரமான யோசனை என்றே சொல்வேன்.

ஆனால் அந்தத் தொகுப்பின் ஆய்வுக்கட்டுரைத் தலைப்பிலேயே நம் சாலை ‘கட்டுப்பாடற்ற சூழல்’தான். வகைப்பட்டியலில் சிட்டிஸ்கேப்ஸிலிருந்து அப்படியே வந்து உட்கார்ந்துகொண்ட ‘கேரவன்’ என்ற வகையும் இருக்கிறது. ஐரோப்பியர்கள் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போகிற வீட்டுவண்டி. என் சித்தி மகள் படங்களுக்குப் பெயரிடும் வேலை பார்க்கிறாள். நம் சிறுநகரங்களில் படித்த பெண்களுக்கு இப்போது கிடைக்கிற வேலைகளில் இதுவும் ஒன்று. வேலையில் சேர்ந்த புதிதில் போன் செய்து கேட்டாள், “அண்ணே, கேரவன்னா ஷூட்டிங்ல நடிகர்லாம் உக்காந்திருப்பாங்களே, அந்த வண்டிதானே?” சிரித்துக்கொண்டே இல்லை என்று விளக்கினேன். அடுத்த கேள்விக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்ப வைக்கப்போர் ஏத்திட்டு வர்ற டிராக்டருக்கு என்ன போடுறது? லிஸ்ட்லயே இல்லையே.”

அவளிடம் யாரும் பட்டியலைப் பற்றி அபிப்பிராயம் கேட்கவில்லை. மணிக்கு இத்தனை படம் என்று கணக்கு. அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த ஒருத்தியின் கையில் மௌஸைக் கொடுத்து, அவளுக்குத் தெரிந்ததை எல்லாம் வெளியே வைத்துவிட்டுப் பெட்டி மட்டும் வரையச் சொல்கிறோம். பிறகு அறிவு போதவில்லை என்று எந்திரம் அழுகிறது.

மாமா படித்த புத்தகம்

என் மாமா இருபது வருடத்துக்கு மேலாக மினி பஸ் ஓட்டுகிறார். முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் எங்கே எதற்கு வேகத்தைக் குறைக்கிறார் என்று ஒருநாள் குறித்துக்கொண்டே வந்தேன். ரோட்டின் நடுவில் படுத்திருந்த எருமையை ஒட்டி வேகம் குறைக்காமல் வளைத்தெடுத்துப் போனார். கொஞ்ச தூரம் தள்ளி, ரோட்டிலேயே இல்லாமல் ஓரத்தில் சும்மா மேய்ந்துகொண்டிருந்த பசுவுக்கு வண்டியை முழுசாக நிறுத்தினார். ஏன் என்று கேட்டேன்.

“இந்தப் பக்கம் தாய் நிக்கிதா? அந்தப் பக்கம் கன்னுக்குட்டி நிக்கிதா? அப்ப கூடும் மாப்ள. ரெண்டும் ஒரு பக்கமா இருந்தா நீ பாட்டுக்குப் போலாம்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் கன்று ஓடி வந்தது.

இந்த ஒரு வாக்கியத்தை எந்தத் தரவுத்தொகுப்பில் எழுதுவது? ‘விலங்கு, விலங்கு’ என்று இரண்டு பெட்டி வரையலாம். பசு, கன்று என்று தனித்தனியாகக்கூட எழுதலாம். இரண்டுக்கும் நடுவே ரோடு இருக்கிறது, அதனால் இன்னும் சில நொடிகளில் ஒன்று குறுக்கே வரும் என்பதை எங்கே எழுதுவது? மாமா பார்த்தது பொருள்களை இல்லை, பொருள்களுக்கு நடுவே இருக்கும் உறவை. எங்கள் தெருவின் ஒழுங்கு முழுக்க அங்கேதான் இருக்கிறது. கோடு போட்ட லேனில் இருக்கும் என்று தேடினால் கிடைக்காது.

இன்னும் இரண்டு உதாரணம் சொல்கிறேன். செம்மறிக் கிடை ஒன்று ரோட்டில் போகிறது. நூறு, இருநூறு ஆடுகள். நிரல் என்ன செய்யும்? நூறு பெட்டி வரைந்து, நூறு ஆடும் அடுத்து எந்தப் பக்கம் நகரும் என்று நூறு கணக்குப் போட்டுத் திணறும். எங்கள் ஊரில் யாரும் ஆட்டைப் பார்ப்பதில்லை, கீதாரியைப் பார்ப்பார்கள். முன்னால் போகிறவர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறாரோ கிடை அந்தப் பக்கம் ஒதுங்கும். நூறு பொருள் இருந்தாலும் முடிவெடுக்கும் ஆள் ஒருவர். நூறு கணக்கை ஒரு கணக்காகச் சுருக்கும் இந்த வித்தைக்கு ஒழுங்கின்மை என்றா பெயர்?

அடுத்தது பூ. தார் ரோட்டில் புதிதாக உதிர்ந்த பூக்கள் வரிசையாகக் கிடந்தால், தமிழ்நாட்டில் வண்டி ஓட்டுகிற எவருக்கும் தெரியும், முன்னால் சவ ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறது. வளைவைத் தாண்டினால் கூட்டம் இருக்கும், வெடி போடுவார்கள், ஆடிக்கொண்டு வருகிறவர்கள் வண்டியைக் கவனிக்க மாட்டார்கள். ஓட்டுநர் பூவைப் பார்த்ததும் கியரைக் குறைக்கிறார். கண்ணுக்கு இன்னும் ஒரு ஆள்கூடத் தெரியவில்லை. லேசர் உணர்கருவியை எவ்வளவு உயரத்தில் மாட்டினாலும் வளைவுக்கு அப்பால் பார்க்க முடியாது. பூ பார்க்கிறது. நிரலுக்கோ அது தரைப்பரப்பில் உள்ள இரைச்சல், வடிகட்டி எறிய வேண்டிய தூசி.

அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் கொள்ளு, உளுந்து, எள், கேழ்வரகு எல்லாம் ரோட்டில் காயும். தட்டையோடு பரப்பி வைத்திருப்பார்கள், சக்கரம் ஏறினால் மணி உதிரும் என்பதற்காக. வண்டி அதன்மேல் ஏறிப்போக வேண்டும் என்றே போட்டிருக்கிறார்கள். தடை மாதிரித் தெரிகிற ஒன்று தடை இல்லை, உங்களிடம் வேலை கேட்கிறது. தானியங்கி பிரேக் உள்ள கார் அதைத் தடை என்று நினைத்து நின்றால், பின்னால் வருகிறவர் மோதுவார். பைக்காரருக்கு அதே தட்டை வழுக்கும். அது ஆபத்து, எனக்கு மறுப்பில்லை. ஆக, ஒரே பரப்பு பஸ்ஸுக்கு ஒன்று, பைக்குக்கு வேறொன்று. இதைப் புரிந்துகொள்கிற நிரல் எழுதுவது உண்மையிலேயே கடினம். ஐந்து வருட முனைவர் பட்டத்துக்குத் தகுதியான கடினம்.

அரிசோனாவில் எந்த மாடு குறுக்கே வந்தது?

‘இதெல்லாம் நம் ஊர்ப் பிரச்சினை, முன்னேறிய நாட்டில் எந்திரம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது’ என்று நினைக்கிறவர்களுக்கு டெம்பி சம்பவத்தை நினைவூட்டுகிறேன். 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலம். அகலமான ரோடு, கோடு போட்ட லேன்கள், மாடு இல்லை, கிடை இல்லை. ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். ஊபர் நிறுவனம் சோதனை ஓட்டத்தில் விட்டிருந்த தானியங்கிக் கார் அவர்மேல் மோதியது. அவர் இறந்துபோனார்.

அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை விவரங்கள் 2019இல் வெளிவந்தன. ஒவ்வொரு ரோபோ ஆராய்ச்சி மாணவரும் படிக்க வேண்டியவை. மோதுவதற்கு 5.6 நொடி முன்பே கருவி அவரைப் பார்த்துவிட்டது. 5.6 நொடி என்பது நிறைய நேரம். ஆனால் பார்த்தது என்ன என்று அதனால் முடிவுசெய்ய முடியவில்லை. வாகனம் என்றது, வேறு ஏதோ என்றது, சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறை பெயரை மாற்றும்போதும் அதுவரை அந்த உருவம் நகர்ந்துவந்த பாதையை மறந்துவிட்டு, புதிதாக ஒன்று வந்ததுபோலக் கணக்கைத் தொடங்கியது. பாதை தெரியாததால் குறுக்கே வருகிறார் என்பதும் தெரியவில்லை. நடைபாதைக் கோடு இல்லாத இடத்தில் ஒருவர் ரோட்டைக் கடப்பார் என்ற சாத்தியமே அந்த நிரலின் வடிவமைப்பில் இல்லை. கண்காணிக்க வேண்டிய மனித ஓட்டுநர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் விசாரணையில் வந்தது. அது தனிக் குற்றம். ஆனால் எந்திரம் ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கு அது பதில் இல்லை.

இலுப்பூரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடக்காத ஆள் யார்? தண்ணிக் குடத்தோடு, புல்லுக்கட்டோடு, கேஸ் சிலிண்டரோடு. நம் ஊரில் பயின்ற நிரலாக இருந்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன், அது எனக்குத் தெரியாத விஷயம். ஆனால் ஒன்று நிச்சயம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் ரோட்டைக் கடப்பதை விதிவிலக்கு என்று நம் ஊர்த் தொகுப்பு எதுவும் ஒதுக்கியிருக்க முடியாது. நாங்கள் ‘ஒழுங்கற்றது’ என்று வெட்கப்படும் விஷயம்தான் அங்கே இல்லாமல் போன பாடம்.

ஆஸ்திரேலியாவில் வேறு கதை. ஸ்வீடனில் பெரிய மான்களைப் பார்த்துப் பழகிய வோல்வோவின் விலங்கறி கருவி கங்காருவைக் கண்டு குழம்புகிறது என்று 2017இல் அந்த நிறுவனமே சொன்னது. விலங்கின் கால் தரையில் படும் இடத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும் முறை அது. கங்காரு துள்ளும்போது தூரத்தில் இருப்பதுபோலத் தெரிகிறது, இறங்கும்போது பக்கத்தில் வந்துவிடுகிறது. கங்காரு கணிக்க முடியாத விலங்கு என்று ஆஸ்திரேலியர்கள் யாரும் தலைகுனியவில்லை. கருவி எங்கள் ஊருக்குப் பழகவில்லை என்றுதான் பேசினார்கள். நமக்கு மட்டும் நம் மாட்டைப் பார்த்தால் ஏன் கூச்சம்?

மூன்று ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம்: ரோட்டைத் திருத்துங்கள், ரோபோவை விடுங்கள். இதில் நியாயம் இருக்கிறது. ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனங்களில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. உயிரிழந்தவர்கள் 17,884. எங்கள் தெரு சொர்க்கம் என்று நான் பாடவில்லை. நடைபாதை வேண்டும், விளக்கு வேண்டும், டிராக்டர் டிரெய்லருக்குப் பின்விளக்கு வேண்டும், தானியம் காயவைக்கப் போதுமான உலர்களம் வேண்டும். ஆனால் இந்த எண்களைத் திரும்பப் படியுங்கள். செத்தவர்களில் பெரும்பகுதி காருக்குள் இருந்தவர்கள் இல்லை. தரவுத்தொகுப்பில் ஒழுங்காகப் பெயர் கிடைக்காத ஆட்கள். குடம் கட்டிய எக்ஸெல்காரர், சைக்கிள் தள்ளுகிறவர், புல்லுக்கட்டுச் சுமக்கிறவர். ரோடு திருந்தும்வரை எந்திரம் இவர்களைப் பார்க்காமல் இருக்கலாம் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

இரண்டாவது: இலுப்பூரில் யார் ரோபோ கார் விடப்போகிறார்கள்? ஓட்டுநர் இல்லாத கார்களை இந்தியாவில் அனுமதிக்கவே மாட்டேன், ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்று நிதின் கட்கரி 2023 டிசம்பரில் சொன்னார். முன்வாசலைச் சாத்தியாயிற்று. பின்வாசல் திறந்துதான் கிடக்கிறது. ஏடாஸ் என்ற பெயரில், தானாகப் பிரேக் பிடிக்கிற, தானாக லேனுக்குள் திருப்புகிற வசதிகளோடு கார்கள் சில வருடங்களாக இங்கே விற்கின்றன. வாங்குகிறவர் பொங்கலுக்கு ஊருக்குத்தான் போகிறார். அந்தக் கார் இப்போதே எங்கள் ரோட்டில் ஓடுகிறது. எங்கள் கன்றுக்குட்டியை அது என்னவென்று நினைக்கிறது என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

மூன்றாவது ஆட்சேபம்தான் கெட்டிக்காரத்தனமானது: இன்னும் கொஞ்சம் பொறுங்கள், இணையம் முழுவதையும் படித்த பெரிய மாடல்கள் வந்துவிட்டன, இனிப் பட்டியலே தேவையில்லை. உண்மைதான். 2021க்குப் பிறகு வந்த, படத்தையும் மொழியையும் சேர்த்துப் பயின்ற நிரல்கள் வெள்ளாட்டை வெள்ளாடு என்றே சொல்கின்றன. சந்தோஷம். ஆனால் பெயர் தெரிவது பார்வையின் முதல் படி. கிடையைப் பார்த்து ‘ஆட்டு மந்தை’ என்று அழகாக வர்ணிக்கிற நிரலுக்கு, கீதாரி கையை உயர்த்தினால் வண்டி நிற்க வேண்டுமா போக வேண்டுமா என்று தெரிந்திருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. அந்த அறிவு மாமாவின் கையிலும் காலிலும் இருக்கிறது. அதை யாரும் இணையத்தில் எழுதவில்லை. எழுதாததை இணையத்திலிருந்து எப்படிப் படிக்கும்?

தலையும் வாலும்

இந்தத் துறையில் ‘நீண்ட வால்’ என்று ஒரு சொல் உண்டு. அடிக்கடி நடப்பவை தலை, அரிதாக நடப்பவை வால். தலையைச் சரிசெய்தாயிற்று, இனி வால்தான் மிச்சம் என்று கருத்தரங்குகளில் பேசுவார்கள். அந்த வாலில் என்ன இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினால் ஆடு, மாடு, ஆட்டோ, ஊர்வலம். என் அம்மா தினமும் காலையில் பால் வாங்கப் போகும்போது பார்ப்பவை எல்லாம் அந்த வாலில் இருக்கின்றன. எனக்கு இருபது வயதுவரை ஒரு டிராமைக்கூட நேரில் தெரியாது. யாருக்கு எது அரிது? எங்கே நின்று எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து வாலும் தலையும் இடம் மாறும்.

இது சொல் விளையாட்டு இல்லை. பணமும் பட்டமும் இந்தச் சொல்லின் வழியாகத்தான் போகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் திருச்சி காந்தி மார்க்கெட்டின் விடிகாலையைப் பதிவுசெய்து, மூட்டை சுமப்பவர்களின் நகர்வை வைத்து ஆய்வு செய்ய ஆசைப்பட்டார். நெறியாளர் கேட்டது ஒரே கேள்வி. “கிட்டியில எவ்வளவு வரும்?” கிட்டியில் மூட்டை சுமப்பவர் கிடையாது, அதனால் எண் கிடையாது, எண் இல்லை என்றால் ஒப்பிடும் அட்டவணை கிடையாது, அட்டவணை இல்லை என்றால் பெரிய கருத்தரங்கில் கட்டுரை ஏறாது. இப்போது அவர் ஒரு ஜெர்மன் ஊரின் கார்களை முன்னைவிட அரை சதவீதம் துல்லியமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். நன்றாகத்தான் செய்கிறார். காந்தி மார்க்கெட் அவர் விடுதியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான்.

புலம்பிவிட்டுப் போவதில் அர்த்தமில்லை. ஆராய்ச்சியில் இருக்கிற, இறங்கப்போகிற இளைஞர்களிடம் நான் கேட்பது நான்கு விஷயம்.

ஒன்று, ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் ‘கணிக்க முடியாத’ என்று எழுதும் இடத்தில் ‘எங்கள் நிரலால் இன்னும் கணிக்க முடியாத’ என்று எழுதுங்கள். மூன்றே சொல் கூடுதல். பொறுப்பு யாருடையது என்பது தெளிவாகிவிடும். உண்மையிலேயே கணிக்க முடியாதவை உண்டு. மிரண்ட காளை எங்கே பாயும் என்று மாமாவுக்கும் தெரியாது. ஆனால் அது மிரண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், அதனால் தூரத்திலேயே நின்றுவிடுவார். தெரியாதது எது என்று தெரிந்து விலகி நிற்பதும் பார்வையின் ஒரு பகுதி.

இரண்டு, பெட்டி வரைவதோடு நிறுத்தாதீர்கள். தாய்க்கும் கன்றுக்கும், கீதாரிக்கும் கிடைக்கும், பூவுக்கும் கூட்டத்துக்கும் நடுவே கோடு போடுங்கள். உறவுகளைப் பதிவுசெய்யும் தொகுப்பு ஒன்று நம் ஊர்களிலிருந்து வந்தால் அதைக் கார்ல்ஸ்ரூஹவும் டெம்பியும் கேட்டு வாங்கும்.

மூன்று, மினி பஸ் ஓட்டுநரையும் கீதாரியையும் பெயரிடும் வேலை செய்யும் பெண்களையும் தகவல் தரும் ஆட்களாக உட்காரவையுங்கள், உழைப்புக்கும் அறிவுக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள், ஆய்வேட்டில் பெயர் போடுங்கள். பட்டியலை முடிவுசெய்யும் கூட்டத்தில் என் சித்தி மகளுக்கு ஒரு நாற்காலி வேண்டும். வைக்கோல் டிராக்டர் அன்றைக்கே பட்டியலில் ஏறிவிடும்.

நான்கு, நெறியாளர்களுக்கு. கிட்டியில் எவ்வளவு என்று கேளுங்கள், தப்பில்லை. கூடவே அன்னவாசல் ரோட்டில் எவ்வளவு என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது எண் மிக மோசமாக இருக்கும். முதல் ஆண்டில் அப்படித்தான் இருக்க வேண்டும். மோசமான எண்ணை அட்டவணையில் தைரியமாகப் போடுகிற துறைதான் வளரும்.

எங்கள் பக்கம் ஜல்லிக்கட்டில் ஒரு விதி உண்டு. காளையின் திமிலைத்தான் பிடிக்க வேண்டும். கொம்பைப் பிடித்தாலோ வாலைப் பிடித்தாலோ வெளியேற்றிவிடுவார்கள். ரோபோவுக்குப் பார்வை சொல்லித்தர வந்தவர்கள் இத்தனை வருடம் எங்களை வாலில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். திமிலுக்கு வாங்க.